நான்கு பை எங்கே போயிற்று? – பௌதிகக் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மின்காந்தவியலைச் சார்பியலோடு சேர்த்துப் படிப்பவர்களிடமிருந்து. உயர்தரத்தைத் தமிழில் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக நூலைத் திறப்பவர்களுக்கு இரண்டு இடங்களில் கால் இடறுகிறது. ஒன்று, மாறிலிகள் மறைந்துபோகும் இயற்கை அலகுகள். மற்றது, ஒரே புலத்துக்குப் பல அழுத்தங்களைத் தரும் கேஜ். ஆகவே இந்த இதழை அந்த இரண்டுக்குமே ஒதுக்கியிருக்கிறோம். சின்னங்களை ஒலிப்பெயரால் எழுதுகிறோம்: சி ஒளியின் கதி, எப்சைலன் நோட் வெற்றிடத்தின் மின் மாறிலி, மியூ நோட் அதன் காந்த மாறிலி, எச்-பார் 2 பையால் வகுத்த பிளாங்க் மாறிலி, பை வட்டத்தின் 3.14, ஃபை மின்னழுத்தம், ஏ காவியழுத்தம் (காந்தப்புலம் இதிலிருந்து வருகிறது), கை கேஜ் சார்பு.

கேள்வி: உயர்தரத்தில் கூலோம் விதியை எப்சைலன் நோட்டோடுதான் படித்தோம். இப்போது நூலில் ‘சி = 1’ என்று ஒரு வரி வருகிறது; அதன் பிறகு சி, எப்சைலன் நோட், மியூ நோட் எதையும் காணவில்லை. இயற்கையில் உள்ள ஒரு மாறிலியை எப்படி 1 என்று வைக்க முடியும்?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: ஒளி எப்போதும் போலத்தான் போகிறது, அதை அளக்கும் கோலைத்தான் மாற்றியிருக்கிறார்கள். 1983 முதல் மீற்றரின் வரைவிலக்கணமே ஒளியில்தான் தங்கியிருக்கிறது: வெற்றிடத்தில் ஒளி 1/299 792 458 செக்கனில் செல்லும் தூரம் 1 மீற்றர். ஆகவே நீங்கள் பாடசாலையில் படித்த அலகுகளிலும் சி நாமே நிர்ணயித்துக்கொண்ட எண்தான். அந்த இடத்தில் 1 ஐ நிர்ணயித்தால் தூரத்தையும் நேரத்தையும் ஒரே அலகில் சொல்கிறோம். தாமரைக் கோபுரத்தின் உயரம் 350 மீற்றர், ஒளிக்கணக்கில் 1.17 மைக்ரோசெக்கன். ‘கோட்டைக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம்’ என்று தூரத்தை நேரத்தால் சொல்லும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. பஸ்ஸின் கதி நெரிசலோடு மாறும். ஒளியின் கதி யார் பார்த்தாலும் ஒன்று என்பதால், அந்தப் பழக்கம் ஒளிக்குத்தான் முழுமையாகப் பொருந்துகிறது.

மின்காந்தவியலில் இதன் பலனை நண்பகல் வெயிலில் பார்க்கலாம். கொழும்பில் தெளிவான நண்பகலில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1000 உவாற்று விழுகிறது என்று கொள்ளுங்கள். வெற்றிடத்தின் தடங்கல் 376.73 ஓம். 1000 ஐ அதனால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வெயிலின் மின்புலம் இடைவர்க்கமூலப் பெறுமானத்தில் மீற்றருக்கு 614 வோல்ட். காந்தப்புலம் 2.05 மைக்ரோதெஸ்லா. ஒன்று பெரிய எண், மற்றது மிகச் சிறிய எண். ஒன்றை மற்றதால் வகுத்தால் 30 கோடி வரும். அது சி தவிர வேறில்லை.

இதே வெயிலைச் சென்ரிமீற்றர், கிராம், செக்கனை வைத்துக் கட்டிய பழைய கௌஸ் அலகுகளில் எழுதினால் மின்புலம் சென்ரிமீற்றருக்கு 0.0205 ஸ்டாட்வோல்ட், காந்தப்புலம் 0.0205 கௌஸ். ஒரே எண். ஒளியலையில் இரண்டு புலங்களும் சம பங்காளிகள் என்ற உண்மை சமன்பாட்டைத் தொடாமலே தெரிந்துவிடுகிறது. ஒருவருக்கு வெறும் காந்தப்புலமாகத் தெரிவது, ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குப் பகுதியளவில் மின்புலமாகத் தெரியும் என்கிறது சார்பியல். ஒன்றாக மாறக்கூடிய இரண்டை வேறு வேறு அலகில் அளப்பது, தெற்கு வடக்கை மைலிலும் கிழக்கு மேற்கைக் கிலோமீற்றரிலும் அளப்பது போன்றது. பிழையில்லை, ஆனால் திரும்பும் சந்தியெல்லாம் ஒரு பெருக்கல் வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: சி = 1 என்று வைத்தால் எப்சைலன் நோட்டும் தானாக 1 ஆகிவிடுமா? அப்படியே இலத்திரனின் ஏற்றத்தையும் 1 என்று வைத்துவிடலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தானாக ஆகாது. எப்சைலன் நோட் × மியூ நோட் × சி வர்க்கம் = 1. சி ஐ 1 ஆக்கினால் முதல் இரண்டின் பெருக்கம் 1 ஆகும். ஒவ்வொன்றும் 1 ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. எப்சைலன் நோட்டை நீக்க ஏற்றத்தின் அலகையும் தனியே மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு விடயம் பழைய குறிப்புகளை வைத்திருப்பவர்களுக்குத் தேவை. மியூ நோட் ‘சரியாக 4 பை × 10⁻⁷’ என்று அவற்றில் இருக்கும். 2019 மே 20 முதல் அது அளந்து பெறும் பெறுமானம். இப்போது சரியாக நிர்ணயிக்கப்பட்டிருப்பது இலத்திரன் ஏற்றம்: 1.602176634 × 10⁻¹⁹ கூலோம். பரீட்சைக் கணக்கில் வேறுபாடே தெரியாது. முதல் ஒன்பது இலக்கங்கள் அப்படியே பொருந்துகின்றன.

கேள்வியின் இரண்டாம் பகுதி இன்னும் முக்கியம். இலத்திரன் ஏற்றத்தின் வர்க்கத்தை 4 பை × எப்சைலன் நோட் × எச்-பார் × சி ஆல் வகுத்தால் அலகே இல்லாத ஓர் எண் வருகிறது: 1/137.036. எந்த அலகு முறைக்குப் போனாலும் இது மாறாது. எல்லாவற்றையும் 1 ஆக்கினால் இந்த எண் 1/12.57 ஆகிவிடும். அது வேறொரு பிரபஞ்சம். அங்கே அணுக்களும் வேறு. எனவே யாராவது ஒருவர் 137 ஐச் சுமந்தே ஆக வேண்டும். எச்-பார், சி, எப்சைலன் நோட் மூன்றும் 1 ஆகும் ஹெவிசைட்–லொரென்ட்ஸ் அலகில் இலத்திரன் ஏற்றம் 0.3028. எச்-பாரும் சி-யும் 1 ஆகும் கௌஸ் வகையில் 0.0854. அணுப் பௌதிகத்தில் ஏற்றம், இலத்திரன் திணிவு, எச்-பார், 4 பை × எப்சைலன் நோட் நான்கையும் 1 ஆக்குவார்கள். அப்போது சி 137.036 ஆகிவிடும். ‘இயற்கை அலகு’ என்று சொல்லிவிட்டு இவற்றில் எது என்று சொல்லாத குறிப்பை நம்பிக் கணக்கில் இறங்கக் கூடாது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நூலில் கௌஸ் விதி எழுதியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். மின்புலத்தின் டைவர்ஜன்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் வெளியே விரியும் அளவு), ஏற்ற அடர்த்தி மட்டும் என்றால் ஹெவிசைட்–லொரென்ட்ஸ். அதற்கு முன்னால் 4 பை நின்றால் கௌஸ் வகை. எப்சைலன் நோட்டால் வகுத்திருந்தால் சர்வதேச அலகு.

கேள்வி: இயற்கை அலகில் கணக்கைச் செய்துவிடுகிறேன். கடைசியில் வோல்ட், உவாற்று என்று விடை கேட்டால் சி-களை எங்கே, எத்தனை போடுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.
– மாணவர், தெகிவளை

பதில்: ஆர்முடுகும் ஏற்றம் வீசும் வலுவை எடுத்துக்கொள்வோம். ஹெவிசைட்–லொரென்ட்ஸ் அலகில் அது, ஏற்றத்தின் வர்க்கம் × ஆர்முடுகலின் வர்க்கம் ÷ 6 பை.

முதலில் ஏற்றத்தின் வர்க்கம் வரும் இடமெல்லாம் அதை எப்சைலன் நோட்டால் வகுங்கள். இப்படிச் செய்தால் கூலோம் என்ற அலகே கணக்கிலிருந்து போய்விடும். மிஞ்சுவது யூல் × மீற்றர். அடுத்து, ஆர்முடுகலின் வர்க்கம் மீற்றர் வர்க்கம் ÷ செக்கனின் நான்காம் வலு. இரண்டையும் பெருக்கினால் யூல் × மீற்றர் கனம் ÷ செக்கனின் நான்காம் வலு. நமக்கு வேண்டியது யூல் ÷ செக்கன். கூடுதலாக நிற்பது மீற்றர் கனம் ÷ செக்கன் கனம், அதாவது கதியின் கனம். ஆகவே சி கனத்தால் வகுக்க வேண்டும். விடை: ஏற்றத்தின் வர்க்கம் × ஆர்முடுகலின் வர்க்கம் ÷ (6 பை × எப்சைலன் நோட் × சி கனம்). எச்-பாரும் 1 ஆக்கப்பட்ட கணக்கு என்றால் சி, எச்-பார் இரண்டின் வலுக்களும் தெரியாக் கணியங்கள். நீளம், நேரம், திணிவு மூன்றின் அடுக்குகளையும் சமப்படுத்தினால் அவை வந்துவிடும். எண்ணாக மாற்ற ஒரு பெறுமானத்தை மனதில் வைத்திருங்கள்: எச்-பார் × சி = 197.327 இலத்திரன்வோல்ட் நனோமீற்றர்.

இந்த முறை சி-யையும் எச்-பாரையும் தவறாமல் மீட்டுத் தரும். 4 பையை மீட்டுத் தராது. 4 பைக்குப் பரிமாணம் இல்லை; பரிமாணச் சோதனைக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே. பெரும்பாலான பிழைகள் நுழைவது இந்த ஓட்டையால்தான். ஓர் எண்ணோடு பார்ப்போம்.

குவாண்டம் மின்னியக்கவியலில் இலத்திரனுக்கு ஒரு எல்லைக் காந்தப்புலம் உண்டு: இலத்திரன் திணிவின் வர்க்கம் ÷ ஏற்றம். திணிவு 511 கிலோ இலத்திரன்வோல்ட், வர்க்கம் 2.611 × 10¹¹ இலத்திரன்வோல்ட் வர்க்கம். 1 தெஸ்லா என்பது ஹெவிசைட்–லொரென்ட்ஸ் அலகில் 195.35 இலத்திரன்வோல்ட் வர்க்கம், கௌஸ் வகையில் 692.5. ஏற்றம் 0.3028 ஐயும் 195.35 ஐயும் சேர்த்தெடுத்தால் விடை 4.41 × 10⁹ தெஸ்லா. 0.0854 ஐயும் 692.5 ஐயும் சேர்த்தெடுத்தாலும் அதே 4.41 × 10⁹. ஏற்றத்தை ஒரு நூலிலிருந்தும் தெஸ்லாவை இன்னொரு அட்டவணையிலிருந்தும் எடுத்து 0.0854 ஐ 195.35 ஓடு சேர்த்தால் 1.56 × 10¹⁰ வரும். 4 பையின் வர்க்கமூலமான 3.545 மடங்கு பிழை. அலகு சரி, பரிமாணம் சரி, அளவும் பார்வைக்கு நம்பக்கூடியது. விடை மட்டும் பிழை.

இதிலிருந்து தப்ப, ஏற்றம் × காந்தப்புலம் என்ற பெருக்கத்தையே கணக்கில் கொண்டுபோங்கள். இலத்திரனுக்கு 1 தெஸ்லாவில் அந்தப் பெருக்கம் 59.16 இலத்திரன்வோல்ட் வர்க்கம். ஒரு முறையில் ஏற்றம் பெருத்தால் புலம் சிறுக்கும். பெருக்கம் இரண்டு முறைகளிலும் ஒன்றுதான். இலத்திரன் உணர்வதும் அந்தப் பெருக்கத்தைத்தான்.

கேள்வி: கேஜ் என்ற சொல்லுக்கும் ரயில் பாதையின் கேஜுக்கும் தொடர்பு உண்டா? மாணவர்களுக்கு எளிதாக எப்படிச் சொல்வது?
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

பதில்: சொல்லளவில் உண்டு. இரண்டும் ‘அளவுகோல்’ என்ற பொருளில் வந்தவை. நம் ரயில் பாதைகள் 1676 மில்லிமீற்றர் அகலத் தடம். களனிவெளிப் பாதை முன்னர் குறுகிய தடமாக இருந்து பிறகு அகலமாக்கப்பட்டது. பௌதிகத்தில் இந்தச் சொல் ஹேர்மன் வைலிடமிருந்து வருகிறது. 1918 இல் அவர் இடத்துக்கிடம் நீள அளவுகோலே மாறலாம் என்ற கருத்தை ஈர்ப்போடும் மின்காந்தத்தோடும் இணைக்க முயன்றார். நீளத்தைப் பற்றிய அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1929 இல் அதே கருத்தை இலத்திரன் அலையின் அவத்தைக்கு மாற்றினார், அது நிலைத்தது. சொல் பழைய அளவுகோலுடையதாகவே தங்கிவிட்டது.

மாணவர்களுக்கு உயரத்திலிருந்து தொடங்கலாம். கட்டடத்தின் உயரத்தைத் தெருவிலிருந்தும் அளக்கலாம், கடல் மட்டத்திலிருந்தும் அளக்கலாம். இரண்டு மாடிகளுக்கிடையிலான வித்தியாசம் மாறாது. மின்னழுத்தத்தின் பூச்சியத்தைப் புவியில் வைப்பதும் அப்படித்தான். கேஜ் இதை இன்னும் ஒரு படி விரிக்கிறது: பூச்சியத்தை இடத்துக்கிடம், நேரத்துக்கு நேரம் வெவ்வேறாக வைக்கலாம், ஆனால் அந்த மாற்றத்துக்கு ஈடாகக் காவியழுத்தத்தையும் மாற்ற வேண்டும். விதி இதுதான்: கை என்ற ஏதாவது ஒரு சார்பை எடுங்கள். ஏ உடன் கை-யின் கிரேடியன்டை, அதாவது அது இடத்தோடு மாறும் வீதத்தை, கூட்டுங்கள். ஃபை இலிருந்து கை-யின் நேர வகையீட்டைக் கழியுங்கள். மின்புலமும் காந்தப்புலமும் அசையாது.

கரும்பலகையில் செய்துகாட்ட ஓய்விலுள்ள ஒரு புள்ளியேற்றம் போதும். கை = ஃபை × நேரம் என்று எடுத்தால் புதிய மின்னழுத்தம் எங்கும் பூச்சியம். புதிய காவியழுத்தம் = −மின்புலம் × நேரம். எதுவும் அசையாத இடத்தில் காவியழுத்தம் நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகிறது! அதன் நேர வகையீட்டுக்கு மறைக்குறி போட்டால் பழைய கூலோம் புலம் அப்படியே வருகிறது. இந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்தவர்கள் அழுத்தத்தையும் புலத்தையும் பிறகு குழப்புவதில்லை.

அலகு மாற்றத்தையும் கேஜ் மாற்றத்தையும் ஒன்றென்று எண்ணிவிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அலகை மாற்றினால் எண்கள் மாறும், பரிமாணம் நம்மைக் காட்டிக்கொடுக்கும். கேஜை மாற்றினால் அலகு மாறாது. 4 பையைப் போலவே அதுவும் பரிமாணச் சோதனைக்குத் தெரியாமல் உள்ளே வரும்.

கேள்வி: கூலோம் கேஜில் மின்னழுத்தம், ஏற்றம் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்தது என்கிறார்கள். அப்படியானால் ஓர் ஏற்றத்தை இங்கே அசைத்தால் தூரத்தில் அழுத்தம் உடனே மாறுகிறது. ஒளியை முந்திச் செய்தி போகிறது என்பதுதானே இதன் பொருள்?
– வாசகர், கல்கிசை

பதில்: அழுத்தம் உடனே மாறுவது உண்மை. செய்தி போகவில்லை என்பதும் உண்மை.

காலிமுகத்திடலில் ஓர் ஏற்றத்தை ஒரு பக்கமாக நகர்த்துங்கள். உங்கள் வீட்டருகே, சுமார் 9 கிலோமீற்றருக்கு அப்பால், ஒருவர் கருவியோடு நிற்கிறார். ஒளிக்கு இந்தத் தூரம் 30 மைக்ரோசெக்கன். கூலோம் கேஜில் காவியழுத்தத்தின் டைவர்ஜன்ஸ் பூச்சியம். அதனால் மின்னழுத்தம் நேரமே வராத பொய்சோன் (Poisson) சமன்பாட்டுக்கு அடங்குகிறது. கல்கிசையில் ஃபை அந்தக் கணமே மாறிவிடும். ஆனால் கல்கிசையில் நிற்பவரின் கருவி ஃபை-யை அளப்பதில்லை. அது ஒரு சோதனை ஏற்றத்தின் மீதான விசையை, அதாவது மின்புலத்தை அளக்கிறது. மின்புலத்தில் இரண்டு பகுதிகள்: ஃபை-யின் கிரேடியன்டிலிருந்து ஒன்று, ஏ-யின் நேர வகையீட்டிலிருந்து ஒன்று.

பலர் பார்க்கத் தவறுவது இரண்டாவது பகுதியை. கூலோம் கேஜில் ஏ-யை உருவாக்குவது முழு மின்னோட்டம் அல்ல. அதன் குறுக்குப் பகுதி, அதாவது டைவர்ஜன்ஸ் பூச்சியமான பகுதி மட்டுமே. ஒரு சிறு இடத்துக்குள் அடங்கிய மின்னோட்டத்தைக் குறுக்குப் பகுதி, நெடுக்குப் பகுதி என்று பிரித்தால், இரண்டும் தனித்தனியே எல்லா இடத்துக்கும் பரவிவிடுகின்றன. கூட்டினால்தான் அந்தச் சிறு இடத்துக்குள் மீண்டும் அடங்கும். ஆகவே ஏ-யின் மூலமும் கல்கிசையில் அந்தக் கணமே இருக்கிறது. முதல் 30 மைக்ரோசெக்கனுக்கும் ஃபை தரும் மாற்றமும் ஏ தரும் மாற்றமும் சமமாகவும் எதிராகவும் நின்று ஒன்றையொன்று முழுதாக அழிக்கின்றன. கருவி அசையாது. 30 மைக்ரோசெக்கன் முடிந்ததும் அந்தச் சமன் குலைகிறது. அப்போதுதான் கருவி அசைகிறது.

லொரென்ஸ் கேஜில் இந்தச் சங்கடமே எழாது. அங்கே ஃபை, ஏ இரண்டும் அலைச் சமன்பாட்டுக்கு அடங்கி, ஒளியின் கதியிலேயே வருகின்றன. காரணகாரியம் சமன்பாட்டிலேயே தெரிய வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு அதுதான் ஏற்றது.

கேள்வி: லொரென்ஸா, லொரென்ட்ஸா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: இருவரும் வேறு ஆட்கள். கேஜ் நிபந்தனை டென்மார்க்கின் லுட்விக் லொரென்ஸ் 1867 இல் கொண்டுவந்தது. விசை விதியும் உருமாற்றமும் நெதர்லாந்தின் ஹென்ட்ரிக் லொரென்ட்ஸ் பெயரில் நிற்பவை. லொரென்ஸ் கேஜ் நிபந்தனை லொரென்ட்ஸ் உருமாற்றத்தில் மாறாமல் நிற்கிறது என்பதால் குழப்பம் நூல்களிலும் நிலைத்துவிட்டது.

கேள்வி: அலையும் இருமுனைவு ஒன்றின் தூரப் புலத்தைக் கணித்தேன். ஏ-யைத் தாமத மின்னோட்டத்திலிருந்து, அதாவது ஒளி வந்துசேரும் நேரத்துக்கு முன் இருந்த மின்னோட்டத்திலிருந்து, எடுத்தேன். ஃபை-க்கு எளிதான கூலோம் சூத்திரத்தைப் போட்டேன். அலை செல்லும் திசையிலேயே ஒரு மின்புலக் கூறு மிஞ்சுகிறது. எங்கே தவறினேன்?
– மாணவர், வத்தளை

பதில்: ஒவ்வொரு சூத்திரமும் சரி. இரண்டும் வெவ்வேறு கேஜைச் சேர்ந்தவை. முழு மின்னோட்டத்தின் தாமதத் தொகையீடு லொரென்ஸ் கேஜின் ஏ. உடனடி அழுத்தம் கூலோம் கேஜின் ஃபை.

என்ன நடந்தது என்று பாருங்கள். இருமுனைவின் ஏ இருமுனைவின் திசையிலேயே இருக்கிறது. தூரத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. பார்க்கும் திசைக்கும் இருமுனைவுக்கும் இடையிலான கோணத்தின் சைன் குறுக்குக் கூறையும் கோசைன் ஆரைக் கூறையும் தருகின்றன. லொரென்ஸ் கேஜின் ஃபை-யிலும் தூரத்துக்கு நேர்மாறான ஓர் உறுப்பு உண்டு. அதன் கிரேடியன்ட் அந்தக் கோசைன் கூறைச் சரியாக அழித்து, சைன் கூறை மட்டும் விட்டுவைக்கிறது. நீங்கள் போட்ட கூலோம் ஃபை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவது. அதன் கிரேடியன்ட் தூரத்தின் கனத்துக்கு நேர்மாறு. தொலைவில் அது ஒன்றுமில்லை. அழிக்க ஆளில்லாமல் கோசைன் கூறு நிற்கிறது. வெற்றிடத்தில் நெடுக்கு மின்காந்த அலை கிடையாது என்பது தெரிந்ததால் கண்டுபிடித்தீர்கள். பாதி வழியில் வலுவை மட்டும் தொகையிட்டிருந்தால் ஒருவேளை தெரியாமலே போயிருக்கும்.

அழுத்தங்கள் கிடைத்ததும் முதலில் கேஜ் நிபந்தனையைச் சோதியுங்கள். கூலோம் என்றால் ஏ-யின் டைவர்ஜன்ஸ் பூச்சியமா? லொரென்ஸ் என்றால் ஏ-யின் டைவர்ஜன்ஸோடு, ஃபை-யின் நேர வகையீட்டைச் சி வர்க்கத்தால் வகுத்துக் கூட்டினால் பூச்சியமா? கௌஸ் அலகில் அந்த இடத்தில் சி மட்டும் வரும், இயற்கை அலகில் ஒன்றும் வராது. நூல் மாறும்போது இங்கேயும் வழுக்கும். பிறகு ஏற்றமில்லாத இடத்தில் மின்புலத்தின் டைவர்ஜன்ஸ் பூச்சியமா என்று பாருங்கள். இந்த இரண்டாவது சோதனை எந்தக் கேஜுக்கும் பொருந்தும்.

எதை எப்போது எடுப்பது என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். அணுவுக்குள் இலத்திரன்கள் மெதுவாக அசையும் கணக்குக்கு எங்கள் தெரிவு கூலோம் கேஜ்: கூலோம் கவர்ச்சி முழுவதும் ஃபை-யில் அடங்கிவிடும், ஒளி ஏ-யில் தனியே நிற்கும். அன்ரனா, விரைந்து ஓடும் ஏற்றம், ஒரு சட்டகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணக்கு எல்லாவற்றுக்கும் லொரென்ஸ். ஃபை-யும் ஏ-யும் நான்கு கூறுள்ள ஒரே நாற்காவியாக உருமாறி, நிபந்தனையும் கூடவே வரும். கூலோம் நிபந்தனை சட்டகம் மாறியதும் உடைந்துவிடும். லொரென்ஸ் கேஜ் என்று இருவர் சொல்லியும் ஏ வேறாக இருக்கலாம்: அலைச் சமன்பாட்டைத் திருப்தி செய்யும் எந்தக் கை-யையும் இன்னும் சேர்க்க இடமுண்டு. ஏ-க்களை ஒப்பிட்டுச் சண்டை பிடிக்காமல் புலங்களை ஒப்பிடுங்கள்.

கேள்வி: விரிவுரைக் குறிப்பில், மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கும் புல டென்சரின் மின்புலக் கூறுகள் கூட்டல் குறியோடு இருக்கின்றன, நூலில் கழித்தல் குறியோடு. அச்சுப் பிழையா?
– மாணவி, வெள்ளவத்தை

பதில்: அச்சுப் பிழையாக இருக்கத் தேவையில்லை. நேரமும் மூன்று இடத் திசைகளும் எந்தக் குறியோடு கூட்டப்படுகின்றன என்று சொல்லும் மெட்ரிக் குறி (+ − − −) என்றால், கீழ்ச்சுட்டுகளோடு நேரம்–இடம் கூறு கூட்டல் மின்புலம், மேல்சுட்டுகளோடு கழித்தல். (− + + +) என்றால் நேர்மாறு. இடம்–இடம் கூறுகளில் காந்தப்புலத்தின் குறியும் முதல் முறையில் கழித்தல், இரண்டாவதில் கூட்டல். டென்சரைத் தன்னோடு முழுதாகச் சுருக்கினால் இரண்டு முறையிலும் ஒரே விடை: 2 × (காந்தப்புல வர்க்கம் − மின்புல வர்க்கம்). குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓய்வில் இருக்கும் நேர் ஏற்றத்தை விசைச் சமன்பாட்டில் போடுங்கள். அது மின்புலத்தின் திசையில் தள்ளப்பட்டால் உங்கள் குறிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

கேள்வி: கேஜை இப்படி விருப்பம்போல் மாற்றலாம் என்றால் காவியழுத்தம் வெறும் கணக்குக் கருவிதானா? அளக்கக்கூடியது எதுவும் அதில் இல்லையா?
– வாசகர், நுகேகொடை

பதில்: ஒரு புள்ளியில் ஏ-யின் பெறுமானத்தை யாராலும் அளக்க முடியாது. மூடிய பாதையொன்றைச் சுற்றி ஏ-யைத் தொகையிட்டால் வரும் எண்ணை அளக்கலாம். மூடிய பாதையில் கிரேடியன்ட் எதையும் சேர்ப்பதில்லை. ஆகவே கை என்னவானாலும் அந்த எண் மாறாது. அது பாதைக்குள் அடங்கிய காந்தப் பாயம். இலத்திரன் கற்றையை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்தால், தலையீட்டு வரிகள் அந்தப் பாயத்துக்கு ஏற்ப நகரும். இலத்திரன் செல்லும் வழியில் காந்தப்புலமே இல்லாதபோதும் நகரும் என்று அஹரொனொவும் போமும் 1959 இல் காட்டினார்கள். மிகத் தெளிவான பரிசோதனை 1986 இல் ஜப்பானில் தொனொமுரா குழுவினருடையது.

எண் வேண்டுமென்றால் கொழும்பின் புவிக்காந்தப் புலத்தையே எடுக்கலாம். இதில் இலத்திரனின் வழியிலும் புலம் இருக்கிறது, ஆனால் அவத்தைக்கான கணக்கு அதேதான். காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே புலம் கிட்டத்தட்டக் கிடை, வடக்கு நோக்கியது, சுமார் 40 மைக்ரோதெஸ்லா. இரண்டு கற்றைகளும் சூழும் பரப்பு 10 மைக்ரோமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரம் என்று கொண்டு, அதை வடக்கைப் பார்த்து நிறுத்துங்கள். பாயம் 4 × 10⁻¹⁵ வெபர்.

இதை ஏ-யிலிருந்தே பெற்றுப் பாருங்கள். சதுரத்தின் ஒரு மூலை ஆதி. லண்டாவ் கேஜில் ஏ ஒரே திசையில், மறுதிசைத் தூரத்துக்கு ஏற்ப வளர்கிறது. நான்கு பக்கங்களில் மூன்று ஒன்றும் தராது; நான்காவது ஒன்றே முழு 4 × 10⁻¹⁵ ஐயும் தருகிறது. சமச்சீர்க் கேஜில் இரண்டு பக்கங்கள் பூச்சியம். மற்ற இரண்டும் தலா 2 × 10⁻¹⁵. எந்தப் பக்கம் எவ்வளவு தந்தது என்பது கேஜின் பேச்சு. கூட்டுத்தொகையில் பேச்சுக்கு இடமில்லை.

அவத்தை வேறுபாட்டுக்குச் சர்வதேச அலகில் ஏற்றம் ÷ எச்-பார், அதாவது 1.519 × 10¹⁵ ஆல் பெருக்கினால் 6.08 ரேடியன். இயற்கை அலகில், 59.16 ஐ 4 × 10⁻⁵ ஆல் பெருக்கினால் 0.002366 இலத்திரன்வோல்ட் வர்க்கம். 10 மைக்ரோமீற்றரை 197.327 இலத்திரன்வோல்ட் நனோமீற்றரால் வகுத்து வர்க்கித்தால் 2568, பெருக்கினால் 6.08. முழுச் சுற்று 6.28 என்பதால் தலையீட்டு வரிகள் ஏறத்தாழ ஒரு வரி இடைவெளி நகரும். கொழும்பில் இப்படியொரு கருவியை நிறுத்துபவர், தான் தேடும் பாயத்தை அளக்கும் முன் காந்தக் கவசம் போட்டு இந்த ஒரு வரியை நீக்கியாக வேண்டும்.